பள்ளத்தில் இறங்கும்போது கடகடக்கும் என்ஜின்: டைமிங் செயின் டென்ஷனர் பிழை நீக்கும் வழிமுறை

இலங்கை மலைநாட்டில் ஓடும் நூறு, நூற்றைம்பது சிசி பைக்குகளில் என்ஜின் மேல்பக்கம் கொஞ்சம் சலசலத்தாலே போதும், "டைமிங் செயின் போயிருச்சு, டென்ஷனர மாத்து" என்று சொல்லிவிடுவார்கள். புது டென்ஷனர் வாங்கிப் போட்ட பிறகும் சத்தம் அப்படியே இருக்கும். காரணம் ஒயிலாக இருக்கலாம், ஐட்லிங்காக இருக்கலாம், வால்வு இடைவெளியை வைக்கும் டெப்பட்டாக இருக்கலாம், செயினே நீண்டுபோயிருக்கலாம். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் சத்தத்தைப் பிரித்துப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனைகள் முதலில், கழற்றும் வேலை கடைசியில்.

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். கிராங்க் இழுக்கும் பக்கம் செயின் விறைப்பாக இருக்கும், மறுபக்கம் தளர்ந்திருக்கும். தளர்ந்த பக்கத்தில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் முகம் வைத்த ஒரு வளைந்த பிளேட் இருக்கிறது. அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருப்பதுதான் டென்ஷனர். செயினின் பின்களும் புஷ்களும் தேயத் தேயச் செயின் நீளும். நீண்ட அளவுக்கு டென்ஷனர் முன்னால் வந்து இடைவெளியை அடைக்க வேண்டும், வந்த இடத்திலிருந்து பின்னால் போகக் கூடாது. முன்னால் வராமல் சிக்கினாலும் சத்தம் வரும், வந்த பிறகு பின்வாங்கினாலும் சத்தம் வரும்.

எங்கிருந்து வருகிறது என்று முதலில் காது வைத்துக் கேளுங்கள்

நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் கைப்பிடியைக் காதோடு ஒட்டி, முனையை என்ஜினில் நான்கு இடங்களில் வையுங்கள். ஒன்று, சிலிண்டர் பக்கவாட்டில் செயின் ஓடும் பகுதி. பெரும்பாலான சிறு என்ஜின்களில் இது மெக்னட் (கரண்ட் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) இருக்கும் பக்கம், அதாவது இடது பக்கம். இரண்டு, டென்ஷனரின் உடம்பு. மூன்று, ஹெட் கவரில் வால்வுகளுக்கு மேலே. நான்கு, வலது பக்கக் கிளச் கவர். எந்த இடத்தில் சத்தம் காதைக் குத்துகிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். சைலன்சர் சூட்டுத் தகடு, மட்கார்ட் ஸ்டே, தளர்ந்த என்ஜின் மவுண்டிங் போல்ட் ஆகியவையும் இதே மாதிரி கடகடக்கும் என்பதால் அவற்றையும் கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் என்ஜினைத் திறப்பவர்கள் நிறையப் பேர்.

பள்ளத்தில் கியரில் இறங்கும்போது, எக்சிலேட்டரை விட்டதும் கடகடக்கிறது

டைமிங் செயினைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை. மலைநாட்டு ரோட்டில் இதைச் சோதிப்பதும் சுலபம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கும்போதோ, கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போதோ, அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும்போதோ மூன்றாம் கியரில் எக்சிலேட்டரை முழுதாக விட்டு, என்ஜின் பிரேக்கிலேயே வர விடுங்கள். 4000 ஆர்பிஎம்மிலிருந்து 2500 வரை குறைந்துவரும்போது டின்னுக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போன்ற, ஒழுங்கில்லாத சத்தம் வந்து, மறுபடி எக்சிலேட்டரைத் திருகியதும் அடங்கினால், செயின் தளர்ந்திருக்கிறது.

ஏன் அப்போது மட்டும்? வால்வு ஸ்பிரிங் கேமை ஒரு கணம் தடுக்கிறது, அடுத்த கணம் தள்ளிவிடுகிறது. செயின் எந்நேரமும் இந்த இழுபறியில்தான் ஓடுகிறது. எக்சிலேட்டர் திறந்திருக்கையில் கிராங்க் நன்றாக இழுப்பதால் செயினுக்கு ஆட அவ்வளவு இடமில்லை. எக்சிலேட்டரை மூடியதும் கிராங்க் வேகம் குறைகிறது, செயினின் தளர்ச்சி இங்கும் அங்கும் மாறுகிறது, பிளேட்டில் அடிக்கிறது. எரியும் சத்தமும் அந்த நேரத்தில் அடங்கிவிடுவதால் இது நன்றாகக் கேட்கும்.

இந்த அடையாளம் தெளிவாகத் தெரிந்தால் டென்ஷனரைக் கழற்றிப் பார்க்கலாம். அதற்கு முன் ஒயில் அளவை மட்டும் சரிபாருங்கள். இந்த என்ஜின்களில் மொத்தமே ஒரு லீற்றர் அளவு ஒயில்தான் இருக்கிறது. 200 மில்லிலீற்றர் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், ஹெட்டுக்கு ஒயில் சேர்வது குறையும். நம் ஊரில் ஒயில் அளவு தப்பாகப் பார்க்கப்படுவதற்கு நிலமே காரணம். லயத்து வாசலும் கடைத்தெருவும் சரிவாகத்தான் இருக்கும். முன் சக்கரம் மேட்டில் நின்றாலோ, சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றாலோ, கண்ணாடியிலோ ஸ்டிக்கிலோ தெரியும் அளவு பொய். சமதரையில், சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி, என்ஜினை நிறுத்தி மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சமதரையே கிடைக்காவிட்டால் ஒரு பலகையைத் தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் வைத்துச் சமப்படுத்துங்கள். ஹொண்டா வகை டிப் ஸ்டிக்கைத் திருகி இறுக்காமல், துளையில் உட்கார வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி சத்தம், பிறகு இல்லை

தை, மாசியில் நுவரெலியா, நானுஓயாப் பக்கம் புல்லில் உறைபனி விழும் காலையில் 20டபிள்யூ-50 ஒயில் கெட்டியாக நிற்கும். ஹெட்டுக்கு ஏற அதற்கு நேரம் வேண்டும். மூன்று, நான்கு வினாடி சலசலப்புக்காக எதையும் கழற்ற வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் பண்ணாமல் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். கையேடு அனுமதிக்கிற இடத்தில், மேல் பிரதேசத்திலேயே ஓடும் பைக்குக்கு மெல்லிய கிரேட் போடலாம். ஹீரோ ஹொண்டா சிறு என்ஜின்களுக்குக் கம்பனி சொல்வதே 10டபிள்யூ-30. அதில் 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டுக் காலைச் சத்தத்துக்கு டென்ஷனரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. எந்த கிரேட் ஆனாலும் டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஒயிலில் நனைந்து ஓடும் பைக் கிளச்சுக்குரிய தரக்குறி) என்று இருக்கிறதா என்று பாருங்கள். கார் ஒயில் ஊற்றினால் கிளச் வழுக்கும்.

சத்தம் அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, சூடான பிறகும் அடங்காவிட்டாலோ ஒயில் ஃபில்டரையும் சல்லடையையும் பாருங்கள். அவையும் சுத்தமாக இருந்தால் டென்ஷனர் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும்.

நிறுத்தி வைத்து ஓடும்போது மட்டும் சலசலப்பு, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் இல்லை

இதற்குப் பெரும்பாலும் ஸ்குரூ டிரைவர் ஒன்று போதும். கொழும்பில் ட்யூன் பண்ணிய காபுரேட்டர் பைக்கை 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்து பெற்றோல் அதிகமாகி, ஐட்லிங் தாழ்ந்து தடுமாறும். 1000 ஆர்பிஎம்முக்குக் கீழே ஒரு சிலிண்டர் என்ஜின் ஒவ்வோர் எரிதலுக்கும் குலுங்குவதால் நல்ல செயின்கூடச் சத்தம் போடும். என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஐட்லிங் ஸ்குரூவைத் திருகி 1400 அளவுக்குக் கொண்டுவாருங்கள். பஜாஜ், ஹீரோ சிறு பைக்குகள் பெரும்பாலும் அந்த அளவில்தான் ஓட வேண்டும். சத்தம் போய்விட்டால் அதோடு வேலை முடிந்தது. கீழே போகும்போது ஐட்லிங் ஏறிவிடும், மறுபடி குறைத்துக்கொள்ளலாம். இன்ஜெக்‌ஷன் பைக்குகளுக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

ஒரே தாளத்தில் டிக் டிக் டிக்

டெப்பட் சத்தத்துக்கு ஒழுங்கு உண்டு, செயின் சத்தத்துக்குக் கிடையாது. 1400 ஆர்பிஎம்மில் கேம் நிமிடத்துக்கு 700 சுற்று, அதாவது வினாடிக்குப் பன்னிரண்டு தட்டு அளவில், தையல் மெஷின் ஓடும் சீரில் ஹெட் கவரில் கேட்கும். ரேஸ் ஏற ஏற வேகமாகும், தாளம் தவறாது. ஆறிய என்ஜினில், கம்ப்ரெஷன் நிலையில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, உங்கள் மாடலுக்குக் கையேடு சொல்லும் இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள். எக்சோஸ்ட் வால்வுக்கு இன்டேக்கைவிட இடைவெளி கூடுதலாகவோ சமமாகவோ இருக்கும், குறைவாக இருக்காது. சத்தத்துக்குப் பயந்து டெப்பட்டை ஒட்ட இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. வால்வு முழுதாக மூடாமல் எக்சோஸ்ட் வால்வு கருகிப்போகும். கொஞ்சம் டிக் டிக் கேட்கிற டெப்பட், சத்தமே இல்லாத டெப்பட்டைவிட நல்லது.

கிளச்சைப் பிடித்தால் சத்தம் மாறுகிறது. ஏற்றத்தில் பாரத்தோடு தட்டுகிறது

இரண்டுமே டென்ஷனர் இல்லை. நியூட்ரலில் கிளச் லீவரைப் பிடித்ததும் சத்தம் மாறினாலோ அடங்கினாலோ கிளச் பாஸ்கட், அதன் டேம்பர் ரப்பர், அல்லது கியர் பெயரிங். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் பெரிய கியரில் இழுக்கும்போது மட்டும் கலகலவென்று தட்டினால் என்ஜின் நோக் பண்ணுகிறது, அதாவது பெற்றோல் நேரம் தப்பி வெடிக்கிறது: கியரைக் குறைத்து ஓட்டுங்கள், பெற்றோலையும் ஹெட்டில் படிந்த கரியையும் பாருங்கள். அடியிலிருந்து டொக் டொக் என்று கனமாக வந்தால் கனெக்டிங் ராட் பெரிய முனைப் பெயரிங்காக இருக்கலாம். அந்த நிலையில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், லொறியில் ஏற்றிவிடுங்கள்.

நேற்று வரை கடகடத்தது, இன்று ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது வெடித்து வெடித்து ஓடுகிறது

செயின் பல் தாவியிருக்கலாம். மறுபடி மறுபடி கிக் அடிக்காதீர்கள், செல்ஃப் பிடிக்காதீர்கள், பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கேம் ஸ்ப்ராக்கெட்டில் 30 பல் இருந்தால் ஒரு பல் தாவினால் கேமில் 12 பாகை, கிராங்க் கணக்கில் 24 பாகை பிசகு. ஒரு பல் மட்டும் தாவியிருந்தால் பைக் ஓடலாம், இழுவை இருக்காது. இரண்டு மூன்று பல் தாவினால் வால்வு பிஸ்டனில் மோதி வளையலாம். பிளக்கைக் கழற்றி, கையால் மட்டும் மெதுவாகச் சுற்றி டைமிங் மார்க்கைப் பாருங்கள். சுற்றும்போது ஏதாவது கட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பல் தாவுவதற்கு மலைநாட்டில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மேட்டைப் பார்த்து நிறுத்தி, முதல் கியரில் விட்டுவிட்டுப் போகிறோம். பைக் பின்னால் உருள முயலும்போது என்ஜின் தலைகீழாகச் சுற்றப் பார்க்கிறது. அப்போது இழுபடும் பக்கமும் தளரும் பக்கமும் இடம் மாறி, முழு இழுவையும் டென்ஷனர் மேல் விழுகிறது. நல்ல டென்ஷனர் தாங்கும். பின்வாங்கும் டென்ஷனர் இடம்கொடுத்துவிடும், செயின் பல் தாவும். சந்தேகமுள்ள பைக்கைச் சரிவில் நிறுத்தினால் பின் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். உருட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டிவந்தால் முதல் கியரில் கிளச்சைச் சட்டென்று விடாமல் இரண்டாம் கியரில் விடுங்கள்.

டென்ஷனரைக் கழற்றிப் பார்ப்பது

எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல்சர், டிஸ்கவர், யமஹா எஃப்இசட் போன்றவற்றில் சிலிண்டரின் பின்பக்கம் இரண்டு போல்ட்டில் பிடித்திருக்கும் சின்ன அலுமினிய உருளை இருக்கும், அதன் நடுவில் ஒரு சிறு போல்ட் இருக்கும். உள்ளே சுருள் ஸ்பிரிங் ஒரு மரைத்தண்டைச் சுற்றி முன்னால் தள்ளும். சில சுசுக்கி, பழைய யமஹாக்களில் பல் வைத்த தண்டும், ஒரு பக்கம் மட்டும் நகரவிடும் கொக்கியும், பின்னால் ஸ்பிரிங்கும் இருக்கும். ஹீரோ ஹொண்டா ஸ்ப்ளெண்டர், சிடி 100, பழைய ஹொண்டா கப் போன்ற படுத்த என்ஜின்களில் அடிப்பக்கத்திலிருந்து ஒரு புஷ் ராட் மேலே தள்ளும். சிஜி 125 வகை என்ஜினில் டைமிங் செயினே கிடையாது, புஷ் ராட்தான் வால்வைத் திறக்கிறது. அதில் செயின் சத்தம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மரைத்தண்டு வகைக்கான முறை இது. தேவையானவை: 8, 10 ஸ்பானர், கிராங்க் நட்டுக்கான சாக்கெட், 2 முதல் 3 மில்லிமீற்றர் அகலமுள்ள தட்டை முனை ஸ்குரூ டிரைவர், புதுக் கேஸ்கட் அல்லது ஓ ரிங், மண்ணெண்ணெய், சுத்தத் துணி.

1. என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள், இரட்டைப் பிளக் பஜாஜ்களில் இரண்டையும் கழற்றினால்தான் கையால் லேசாகச் சுற்றும்.

2. மெக்னட் கவரின் இரண்டு மூடிகளையும் திறந்து, கிராங்கை இடமிருந்து பார்க்கையில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி, டி (T) எழுத்துக் கோட்டைக் கவரின் குறியோடு சேருங்கள். இரண்டு டெப்பட்டும் விரலுக்கு லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் அது எக்சோஸ்ட் நிலை, இன்னும் ஒரு முழுச் சுற்று வேண்டும். இந்த நிலையில் எந்த வால்வு ஸ்பிரிங்கும் கேமைத் தள்ளாது, டென்ஷனரை எடுத்தாலும் கேம் துள்ளாது. டென்ஷனர் வெளியே இருக்கும்போது கிராங்கைத் தொடவே கூடாது.

3. நடுப் போல்ட்டை எடுத்து, உள்ளே தட்டை ஸ்குரூ டிரைவரை விட்டுக் கடிகாரத் திசையில் திருகுங்கள். ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். எத்தனை சுற்றில் முழுதாக உள்ளே போய் நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இது முக்கியமாகும்.

4. ஸ்குரூ டிரைவரை விடாமல் பிடித்தபடி இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றித் தளர்த்தி எடுங்கள். ஒரு கை போதாவிட்டால் ஒரு மில்லிமீற்றர் தகட்டை ஆங்கில டி (T) எழுத்து வடிவில் வெட்டி, துளையில் செருகி, தலையை உடம்பின் வெட்டில் மாட்டிவிட்டால் தண்டு உள்ளேயே நிற்கும்.

வெளியே எடுத்ததைக் கையில் வைத்து விடுவியுங்கள். தண்டு தடங்கலின்றிச் சரசரவென்று முழுதாக வெளியே வர வேண்டும். இடையில் நின்று நின்று வந்தால் மண்ணெண்ணெயில் நன்றாக ஊறவைத்து, பத்துப் பதினைந்து தடவை உள்ளே திருகி விட்டு, காற்றடித்து, என்ஜின் ஒயிலில் நனைத்து மறுபடி பாருங்கள். நடுப் போல்ட்டின் வாஷர் தொலைந்த பைக்குகளில் மழைத்தண்ணீரும் சர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரும் உள்ளே போய் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். அதைக் கழுவிப் பயனில்லை. அடுத்த சோதனை: தண்டு முழுதாக வெளியே இருக்கையில் கட்டை விரலால் பலமாக அழுத்துங்கள். அசையக் கூடாது. அழுத்த அழுத்தச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால் மரை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். இதைப் பிரித்து உள்ளே ஸ்பிரிங்கை முறுக்கித் திரும்பப் போடும் வேலை நிலைக்காது.

இனி எண்ணிக்கை. கழற்றிய டென்ஷனரை முழுதாக விடுவித்து, மறுபடி உள்ளே திருக எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். உதாரணமாக வெளியே எட்டுச் சுற்று வருகிறது, என்ஜினில் இருந்தபோது மூன்று சுற்றுதான் என்றால், செயினுக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது. என்ஜினிலேயே ஏழு, ஏழரை வந்திருந்தால் தண்டு எல்லைக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் தள்ள அதனிடம் நீளமில்லை. அப்படிப்பட்ட என்ஜினுக்குப் புது டென்ஷனர் வாங்குவது வீண் காசு. செயினைத்தான் மாற்ற வேண்டும்.

மாட்டும்போது பழைய கேஸ்கட்டை மரக்குச்சியால் சுரண்டுங்கள், கத்தி அலுமினியத்தைக் கீறும். தண்டை முழுதாக உள்ளே திருகிப் பிடித்தபடியே உட்கார வைத்து, 6 மில்லிமீற்றர் போல்ட் இரண்டையும் சமமாக, 10 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்குங்கள். டோர்க் ரென்ச் இல்லாவிட்டால் சின்ன ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் பலம் போதும். அதன் பிறகுதான் ஸ்குரூ டிரைவரை மெதுவாக விட வேண்டும். தண்டு ஓடிப்போய்ப் பிளேட்டில் உட்காருவது கையில் தெரியும். வெளியே நீட்டிய தண்டோடு டென்ஷனரை வைத்துப் போல்ட்டால் இழுத்து இறுக்குவது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தப்பு. டென்ஷனர் காது உடையும், அல்லது பிளேட் வளையும், அல்லது செயின் கம்பியாக விறைத்துக் கேம் பெயரிங்கைத் தின்னும். நடுப் போல்ட்டை வாஷரோடு பூட்டி, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி, டி மார்க்கும் கேம் ஸ்ப்ராக்கெட் கோடும் சேருகின்றனவா என்று பார்த்த பிறகே பிளக்கைப் போடுங்கள்.

பல் தண்டு வகையில் வரிசை வேறு. பின் மூடிப் போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் முதலில் எடுத்துவிட்டுத்தான் இரண்டு போல்ட்டையும் கழற்ற வேண்டும். கொக்கியை விரலால் அழுத்தித் தண்டை முழுதாக உள்ளே தள்ளி, உடம்பை மாட்டி இறுக்கி, கடைசியில் ஸ்பிரிங்கையும் மூடியையும் போடுங்கள். மூடியை இறுக்கும்போது டக் டக் என்று பல் தாண்டும் சத்தம் கேட்டால் சரியாக வேலை செய்கிறது. ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் அடுக்குவது, காசு வைப்பது எல்லாம் சத்தத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், பிளேட்டைச் சீக்கிரம் தேய்க்கும்.

படுத்த ஹொண்டா என்ஜினில் அடியில் இருக்கும் சீலிங் போல்ட்டைக் கழற்றினால் ஒயிலும் வரும் என்பதால் ஒயில் மாற்றும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். புஷ் ராட் தலையின் ரப்பர் குழிந்திருந்தால் மாற்றுங்கள், ஸ்பிரிங்கையும் சேர்த்து. இந்த வகையில் டென்ஷனர் நன்றாக இருந்தும் சத்தம் வந்தால் செயினுக்கு இடையில் ஓடும் ரப்பர் ரோலர்களைப் பாருங்கள். பழசானதும் அவை கல்லாகி வெடிக்கும். ஒயில் சல்லடையில் கறுப்பு ரப்பர்த் துண்டு இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

வேலை முடிந்து ஸ்டார்ட் செய்தால் ஊளையிடும் சத்தம்

கடகடப்புப் போய், ரேஸோடு சேர்ந்து ஏறும் ஊங்காரம் வந்தால் செயின் அளவுக்கு மீறி விறைத்திருக்கிறது. உடனே நிறுத்துங்கள். நீட்டிய தண்டோடு மாட்டியிருப்பீர்கள், அல்லது வேறு மாடலின் நீளமான டென்ஷனரைக் கடையில் கொடுத்திருப்பார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் முழுதாக உள்ளே திருகி, அடித்தட்டிலிருந்து முனை வரை நீளத்தை ஒப்பிடுங்கள். தானாகத் தள்ளும் டென்ஷனரைக் கழற்றிவிட்டு போல்ட் வைத்துக் கையால் இறுக்கும் வகையைப் பொருத்தினாலும் இதே கதைதான். சூட்டில் சிலிண்டர் நீளும்போது செயின் விறைக்கும். பந்தய பைக்குக்கு வேண்டுமானால் சரி, தினமும் தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஓடுகிற பைக்குக்கு அது வேண்டாம்.

அடித்தட்டில் ஒயில் கசிந்தால் கேஸ்கட் மடிந்திருக்கும். போல்ட்டை மேலும் முறுக்காமல் கழற்றிப் புதுசு போடுங்கள். அலுமினியத்தில் 6 மில்லிமீற்றர் மரை சீக்கிரம் உருவிவிடும்.

டென்ஷனர் புதுசு, சத்தம் பழசு

அடுத்த ஒயில் மாற்றத்தில் வடித்த ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் சுருள்கள் இருந்தால் பிளேட் முகம் உரிகிறது. மின்னும் அலுமினியப் பொடி இருந்தால் செயின் சிலிண்டர்ச் சுவரையே உரசுகிறது, இனித் தாமதிக்கக் கூடாது.

செயினை மாற்றும்போது தனியாகச் செயினை மட்டும் மாற்றாதீர்கள். செயின், இரண்டு பிளேட்டுகள், டென்ஷனர் கேஸ்கட் நான்கும் ஒன்றாகப் போக வேண்டும். கேம் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கம் கொக்கி போல் சாய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், கிராங்க் பக்கப் பல்லையும் பார்த்துவிடுங்கள். தேய்ந்த பிளேட்டில் செயின் ஓடி இரண்டு கோடு பள்ளமாகியிருக்கும், அதில் புதுச் செயின் சரியாக உட்காராது. கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் கண்ணி எண்ணிக்கையை எண்ணிப் பழையதோடு ஒப்பிடுங்கள், ஒரே பெயரில் வந்த வேறு வேறு வருட மாடல்களுக்குச் செயின் மாறும். பெட்டியில் ஒரிஜினல் போல அச்சடித்த டூப்ளிகேட்கள் கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையிலிருந்து எல்லா டவுனுக்கும் வருகின்றன. டென்ஷனரின் வார்ப்பில் பிசிறு இருந்தாலோ, தண்டு கையில் ஆடினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மெக்னட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் உடையும், கிராங்க் வளையும். கேம் ஸ்ப்ராக்கெட்டை இறக்குவதற்கு முன் செயினைக் கம்பியால் கட்டி ஃபிரேமில் மாட்டுங்கள், செயின் ஓடும் துளையைத் துணியால் அடையுங்கள். அந்தத் துளைக்குள் ஒரு ஸ்ப்ராக்கெட் போல்ட் விழுந்தால் பக்கக் கவர் கழற்றி எடுக்கும் வேலை கூடும். ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளுக்கு மரைப்பசை ஒரு சொட்டுப் போடுங்கள். புதுச் செயின் தொடக்கத்தில் கொஞ்சம் உட்காரும், டென்ஷனர் அதைத் தானாக எடுத்துக்கொள்ளும். 500 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றி, டெப்பட் இடைவெளியை ஒருமுறை அளந்து, பிறகு அதே பள்ளத்தில் மூன்றாம் கியரில் எக்சிலேட்டரை விட்டுக் கேட்டுப் பாருங்கள்.